ஐஸ் படாத மீன்

சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வருகிறார் என்றால் மற்றக் கடைக்காரர்கள் பின்வாசலைப் பார்ப்பார்கள். நஜ்முன் நிஸாவுக்கு அது பெருநாள். சீனன்குடாவிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிற தெருவில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. வந்த பி.எச்.ஐ. முன்பக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகப் பார்த்தால் விடமாட்டாள். குசினிக்குள் கூட்டிப்போய், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுவாள். பிரிஜ் கதவின் ரப்பரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுவாள். மீனுக்கு ஒரு பலகை, கோழிக்கு ஒரு பலகை, மரக்கறிக்கு வேறு. உதவிக்கு நிற்கிற இரண்டு பெண்களுடைய நகத்தையும் காலையில் அவளே பார்த்துவிடுவாள். கடைக்குக் கிடைத்த 'ஏ' தரப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காசு மேசைக்கு மேலே தொங்கியது. அதற்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்து காசு வாங்குகிற பாக்கியம் அவள் புருஷன் றிஸ்விக்கு. மற்றப்படி கடையில் அவனுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது, அவனும் கேட்டதில்லை.

சோறு, பருப்பு, ஒரு சுண்டல், பொரித்த மீன், குழம்பாய் ஒரு மீன் ஆணம். இவ்வளவுதான் மத்தியானச் சாப்பாடு. ஆனால் சூரை மீனைக் கொறுக்காய்ப் புளி போட்டு மண்சட்டியில் வற்றவிட்டு அவள் இறக்கினால் தெருவில் போகிற பஸ் மெதுவாகும் என்று றிஸ்வி சொல்லுவான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான், என்றாலும் முழுப்பொய் இல்லை. எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற கூட்டம் நாள் தவறாமல் அவளிடம்தான் பார்சல் எடுத்தது. தன் கைச் சாப்பாட்டைத் தின்று ஒருவருக்கும் வயிறு கூட நொந்ததில்லை என்று அவள் சொல்லுவாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

கச்சான் காற்று நெருப்பாய் வீசிக்கொண்டிருந்த ஒரு நாள் அந்தப் பேச்சுக்கு அடி விழுந்தது. பெயின்ற் கூட்டத்தின் மேஸ்திரி வேலாப்போடி, இலங்கைத்துறைக்காரர், கடலோரத்தில் மீன் தின்றே வளர்ந்த மனிதர். பார்சலைத் தின்று முடித்துக் கை கழுவினவருக்கு முகம் கொதித்தது. கண்ணெல்லாம் சிவந்து, தலை இடித்து, கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் தடிப்புத் தடிப்பாய் எழும்பிவிட்டது. அவரோடு இருந்து தின்ற இன்னும் இரண்டு பேருக்கும் அதேதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டபின் பொழுது சாய்வதற்குள் எல்லாம் வடிந்து, மூன்று பேரும் தங்கள் காலாலேயே வீட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் போனாலும் கதை போகவில்லை. மஃரிப் தொழுகைக்கு முன் மூன்று பேர் பத்துப் பேராகி, இஷாத் தொழுகைக்குள் ஒருவர் மௌத்தாகியும் போனார். அடுத்த நாள் பார்சல் கேட்டு ஒரு மனிதரும் வரவில்லை. வடித்த சோறு அப்படியே கிடந்தது. கடை போனால் இன்னொரு கடை போடலாம், அதற்கு நிஸா பயந்தவள் இல்லை. சுத்தமான கை என்ற பேர் போனால் அதை எங்கே வாங்குவது? அதுதான் அவளைத் தின்றது.

றிஸ்விக்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. சூரை என்றால் கிரந்தி மீன்தானே, சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, தடிக்கும், சொறியும், இது ஊருக்கே தெரிந்ததுதானே என்றான். தனக்கும் அப்படி வருவதால்தானே இத்தனை வருஷமாய் வீட்டில் சூரையைத் தொடுவதில்லை என்று தன் உடம்பையே சாட்சிக்கு இழுத்தான். நிஸாவுக்கு அது வசதியான கதையாகப் பட்டது. வேலாப்போடியின் உடம்பில் பிழை, தன் சட்டியில் பிழை இல்லை. பி.எச்.ஐ. வரட்டும், வந்து தலைகீழாகப் புரட்டிப் பார்க்கட்டும் என்று குசினியை மறுபடி கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பி.எச்.ஐ. ஜதுசன் வந்தார். திருகோணமலைப் பொடியன், மரியாதையான கதை, ஆனால் கண் கூர்மை. தலைகீழாகத்தான் புரட்டினார். தண்ணீரில் குளோரின் பார்த்தார், பிரிஜ்ஜின் குளிரைப் பார்த்தார், அன்றைக்கு மிஞ்சிப் பிரிஜ்ஜில் இருந்த ஆணத்தில் பரிசோதனைக்கென்று ஒரு போத்தல் எடுத்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. நிஸாவின் முகத்தில் வெளிச்சம் வருகிற நேரம் பார்த்து அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்கட குசினியில பிழை இல்ல. பிழை மீன் இஞ்ச வர முந்தியே நடந்திருக்கு."

"கிரந்தி எண்டுதானே சனம் சொல்லுது, சேர்."

"கிரந்தி எண்டால் ஒரே நேரம் மூண்டு பேருக்கும் வருமா? சூரை, கும்பளா மாதிரி மீன் செத்த பிறகு ஐஸ் இல்லாமச் சூட்டில கிடந்தால் சதைக்குள்ள ஒரு நஞ்சு ஊறும். மணம் வராது, ருசி மாறாது. நீங்கள் எவ்வளவு அவிச்சாலும், பொரிச்சாலும் அது போகாது. பாக்கிறதுக்குக் கிரந்தி மாதிரியே இருக்கும்."

எவ்வளவு அவித்தாலும் போகாது என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. அவளுடைய முழு நம்பிக்கையும் அடுப்பில் இருந்தது. மீன் எங்கே எடுத்தது என்று அவர் கேட்டார். மஹ்ரூப் நானாவிடம், எப்போதும் அவரிடம்தான், ஐஸ் பெட்டியோடு கொண்டுவந்து தருவார் என்று யோசிக்காமல் சொன்னாள். முடிவு தெரியும்வரை மீன் சமைக்க வேண்டாம், இன்னொரு தரம் இப்படி நடந்தால் கடையைப் பூட்டி வழக்கென்று கோட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜதுசன் எழும்பினார்.

போனவர் நேரே மஹ்ரூப்பின் மீன் வாடிக்குப் போயிருக்கிறார். மஹ்ரூப் முப்பது வருஷ வியாபாரி. வாங்க வந்த சனத்துக்கு முன்னால் ஜதுசன் அவருடைய பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு மீனிலும் கம்பியைக் குத்திக் குளிர் பார்த்திருக்கிறார். பிழை ஒன்றும் இல்லை. என்ன செய்ய, சனம் கம்பியைக் கண்டது, முடிவைக் கேட்க நிற்கவில்லை. அன்றைக்கு மஹ்ரூப் ஐஸோடு மீனைத் திரும்பக் கொண்டுபோனார்.

அடுத்த நாள் காலை அவர் கடைக்கு வந்தார். நிஸா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் தொடவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் உனக்குச் சூரை தந்தனானா?"

"தந்தனீங்க தானே, நானா."

"பாரைதானே தந்தனான். பொரிக்க எண்டு கேட்டு எடுத்தாய். அண்டைக்கு என்ட பெட்டியில சூரையே இல்ல."

நிஸா தேத்தண்ணிக் கரண்டியைக் கீழே வைத்தாள். ஓம். பாரை. அது பொரியலுக்கு. ஆணத்துக்குப் போட்ட சூரை வேறு. அது தம்பி பஸ்லான் கொண்டுவந்த மீன்.

அவள் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் யாரும் தப்பாக எடுக்கக் கூடாது. மீன் எங்கே எடுத்தாய் என்று கேட்டால் காசு கொடுத்து எடுத்த மீன்தான் அவளுக்கு நினைவு வரும். தம்பி கொண்டுவருவது எடுத்த மீன் ஆகாது. வாப்பா மௌத்தான பிறகு மீசை முளைக்காத வயதில் கடலுக்குப் போய், குறிஞ்சாக்கேணியில், ராத்தா என்று அவன் கூப்பிடுகிற அக்கா நிஸாவின் சீதன வீட்டைக் கல்லுக் கல்லாய்க் கட்டியவன் பஸ்லான். இப்போது சொந்தமாய் ஒரு போட் வைத்திருக்கிறான். வலையில் முதல் படுகிற மீன் ராத்தாவுக்கு. அதை அவன் விற்றதில்லை, தன் வீட்டுக்கும் கொண்டுபோனதில்லை. விற்கிற மீன் ஐஸுக்குள் போகும். ராத்தாவின் மீன் ஐஸுக்குள் போகாது. ஐஸ் பட்ட மீனில் ருசி செத்துவிடும் என்பது கரையில் எல்லாரும் சொல்லுகிற கதை. வீட்டாருக்கு ஐஸ் மீனைக் கொடுப்பது அன்னியருக்குக் கொடுக்கிற மாதிரி. ஆகவே முதல் மீன் போட்டின் முன்பக்கத்து அணியத்துப் பலகையில் ஈரச்சாக்குக்குக் கீழே தனியாக வரும். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அந்த மீன், நிஸா கடை போட்ட பிறகு கடைக்கு வந்தது. நல்ல மீனை வீட்டோடு தின்று முடிப்பதற்குப் பதிலாய் அவள் ஆணத்தில் போட்டாள். இதில் என்ன யோசிக்க இருக்கிறது என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தாள்.

றிஸ்வி காசு மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சூரையும் எப்போதும் பஸ்லானின் சூரைதான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் கிரந்திக்கென்று குடித்த கஷாயங்களை நினைத்து அவன் முகம் போன போக்கு, வேறொரு நேரமென்றால் நிஸா சிரித்திருப்பாள்.

மஹ்ரூப் இருக்கும்போதே அவள் போனை எடுத்து ஜதுசனைக் கூப்பிட்டாள். மஹ்ரூப் நானாவில் ஒரு பிழையும் இல்லை, சூரை என்ட தம்பிட மீன், நான்தான் மறந்துபோய்ப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றாள். நாளைக்கு வருகிறேன் என்றார் அவர். மஹ்ரூப் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பொடியன்ட மனம் நோகாமக் கதை என்று மட்டும் சொல்லிப் போனார்.

அடுத்த நாள் விடிந்ததும் நிஸா ஓட்டோ பிடித்துக் கரைக்குப் போனாள். போட்டுகள் ஒவ்வொன்றாய் வந்து ஏறின. வியாபாரிகள் முழங்கால் தண்ணீரில் நின்று விலை பேசினார்கள். பஸ்லானின் போட் பிந்தித்தான் வந்தது, அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ராத்தாவைக் கரையில் கண்டதும் அவன் முகமெல்லாம் பல். சாக்கைத் தூக்கி ஒரு சூரையை வாலில் பிடித்து உயர்த்திக் காட்டினான். நல்ல மீன். கண் தெளிவு, செவுள் சிவப்பு. அவளே எத்தனையோ தரம் அதைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னவள். இன்றைக்குக் கிட்டப்போய் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

எப்போது வலையில் பட்டது என்று கேட்டாள். முதல் இழுப்பில், நடுச்சாமத்தில் என்றான். அதற்குப் பிறகு பட்ட மீனெல்லாம் பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தன. எல்லாவற்றிலும் முதலாய்ப் பட்டது மட்டும் விடியவிடியச் சாக்குக்குக் கீழே, இப்போது வெயிலில். மரியாதை கூடக் கூட மீன் பழசாகியிருக்கிறது. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று வழி நெடுக நினைத்து வந்தாள். வந்த இடத்தில் நேராகத்தான் சொல்ல வந்தது.

"தம்பி, இந்த மீனை இனி எனக்குத் தராத. அண்டைக்கு அந்த மனிசருக்கு வந்தது இதாலதான்."

கூட வந்த இரண்டு பேரும் வலை உதறுகிறதை நிறுத்தினார்கள். விலை பேசிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ட மீனாலயா?"

"ஐஸ் இல்லாமக் கிடந்ததால. பி.எச்.ஐ. விளங்கப்படுத்தினவர்."

"பி.எச்.ஐ. கடலுக்குப் போறவனா?" பஸ்லானின் குரல் ஏறவில்லை, இறங்கியது. "ராத்தா, என்ட புள்ளைகள் மலிஞ்ச கீரி மீன் திங்குது. அதுகளுக்குக் குடுக்காமத்தான் இதை உங்களுக்குக் கொண்டுவாறன்."

அது உண்மை. என்றாலும் மீனை வாங்காமல்தான் நடந்தாள். ஓட்டோவில் ஏறித் திரும்பும்போது, வாங்கியிருந்து போகிற வழியில் எங்காவது எறிந்திருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அப்படிச் செய்தால் அவன் நாளைக்கும் கொண்டுவருவான். போதாக்குறைக்கு அதே மாதிரி மீன் மற்றப் போட்டுகளிலிருந்தும் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகுமோ.

மத்தியானம் அவன் கடைக்கு வந்தான். ஜதுசன் வந்து, நிஸா சொன்னதையெல்லாம் எழுதி முடிக்கிற நேரம். பஸ்லான் யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சூரையை மேசையில் வைத்தான், கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"இதை ஆக்கித் தாங்க, ராத்தா. நானே திங்கிறன். எனக்கு என்ன வருது எண்டு பாப்பம்."

ஜதுசன் எழும்பினார். அந்த மீனைப் பறிமுதல் செய்ய அவருக்கு அதிகாரம் இருக்கிறது. நிஸா அவரைக் கையால் மறித்தாள், நீங்க இருங்க சேர் என்றாள். தம்பி சும்மா கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆக்கிக் கொடுத்தால் அவன் மிச்சம் வைக்காமல் தின்பான். ஒன்றும் வராமலும் போகலாம், ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு மாதிரி. வந்தால் மூச்சு முட்டி ஆஸ்பத்திரி வாசலில் கிடப்பான். ஆக்காவிட்டால் அவன் முகத்தில் அடித்த மாதிரி. இரண்டில் ஒன்று.

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பினைல் போத்தல். மீனைத் தட்டோடு பின்வாசலுக்குக் கொண்டுபோய்க் குப்பை வாளிக்குள் போட்டு, அவன் பார்க்கப் பார்க்கப் பினைலைத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஊற்றினாள். வெள்ளையாய் நுரைத்து வழிந்தது. மணம் கடைக்குள் வரைக்கும் அடித்தது.

பஸ்லானின் கண் நிறைந்துவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு நஞ்சா தந்தனான்?"

"நீ தந்தது முதல் மீன். நீயும் அறியல்ல, நானும் அறியல்ல. இப்ப அறிஞ்ச பிறகும் நான் ஆக்கினா, அப்பதான் அது நஞ்சு."

அவன் எழும்பிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. போன் எடுத்தாலும் பேசவில்லை. ஆணத்தின் பரிசோதனை முடிவும் ஜதுசன் சொன்னபடியே வந்தது, என்றாலும் அவர் கடைக்கு எதிராக வழக்கு எழுதவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை எழுதினார், மீன் குளிரை அளக்கிற கம்பி ஒன்று வாங்கி வைக்கச் சொன்னார், பிறகு ஆணம் வைக்கலாம் என்று அனுமதியும் தந்தார். நிஸா மஹ்ரூப்பிடம் ஐஸில் விறைத்த சூரையாய்ப் பார்த்து எடுத்தாள். கம்பியைக் குத்திப் பார்த்தாள், கொறுக்காய் போட்டாள், சட்டியை இறக்கினாள். கைப்பக்குவத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஐஸ் மீனில் ருசி இல்லை என்கிற கதை சும்மா கதை என்று அவளுக்கு ஒரு கரண்டியிலேயே தெரிந்துபோனது. இவ்வளவு நாளும் ஏமாந்திருக்கிறோமே என்று சிரிப்பும் வந்தது, அதைச் சொல்லிச் சிரிக்கத் தம்பி இல்லையே என்று அழுகையும் வந்தது.

சனமும் வரத்தான் செய்தது. அவளுடைய பருப்பை விட்டு எத்தனை நாள் இருப்பார்கள். பெயின்ற் கூட்டமே வந்து உட்கார்ந்தது, வேலாப்போடியும் வந்தார். எல்லாரும் சோறும் பருப்பும் முட்டையும் கேட்டார்கள். மீன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிஸா சட்டியின் மூடியைத் திறந்து வைத்தாள். மணம் கடை முழுக்கப் போனது. வேலாப்போடி தலையைக் குனிந்து முட்டையைப் பிட்டார். சங்கடப்படுகிறார் என்று தெரிந்தது, கேட்கவும் ஏலாது. இப்படியே ஒவ்வொரு நாளும் சட்டி நிறைய ஆணம் மிஞ்சினது. ஒவ்வொரு நாளும் அவள் மூடியைத் திறந்துதான் வைத்தாள்.

இதைக் காசு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த றிஸ்வி, ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினான். கடையில் அவன் தன்பாட்டில் செய்த முதல் காரியம் அதுதான்.

பஸ்லான் வரும்போது கடை நிறைந்திருந்தது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறான், சாரத்தில் உப்பு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. கரையில் விலை பேசுகிற மீன் வியாபாரிகள் இரண்டு பேர் ஒரு மேசையில் இருந்தார்கள். அவன் மீனுக்கு நாளைக்கு விலை சொல்லப்போகிறவர்கள். அவன் அவர்களையும் பார்த்தான், பார்த்துவிட்டு நேரே வேலாப்போடியிடம் போனான்.

"அண்ணன், அண்டைக்கு உங்களுக்கு வருத்தம் வந்தது என்ட மீனால. ராத்தாட குசினியால இல்ல. மஹ்ரூப் நானாட மீனாலயும் இல்ல." கடை முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "ஐஸ் போடாமக் கொண்டுவந்து குடுத்தவன் நான்தான். இப்ப என்ட போட்டில ஐஸ் இல்லாம ஒரு மீனும் வாறதில்ல."

வேலாப்போடி பிசைந்த கையோடு அவனைப் பார்த்தார். வியாபாரிகளில் ஒருவன் மற்றவனைப் பார்த்தான். பஸ்லான் அதற்கெல்லாம் நிற்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து வேலாப்போடிக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சோறு போடுங்க, ராத்தா. மீன் ஆணம் விட்டு."

நிஸா போட்டாள். அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான், இரண்டு வாய் வைத்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தலை நிமிராமல் தின்றான். பாதித் தட்டில் வேலாப்போடி தன் தட்டை மெல்ல முன்னே தள்ளினார்.

"எனக்கும் கொஞ்சம் விடு, மகள்."

பக்கத்து மேசையிலும் ஒரு தட்டு நகர்ந்தது. நிஸாவுக்கு அடக்க ஏலவில்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்தது, முகத்தை மறைக்காமல் நின்று அழுதாள், புறங்கையால் துடைத்தாள். பஸ்லான் தட்டை நீட்டி இன்னும் ஆணம் கேட்டான். அவள் அகப்பையை எடுக்கக் கையை நீட்டினாள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கொஞ்சம் பொறு என்றாள். கண்ணைத் துடைத்த கை. குசினிக்குள் போய், சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்துதான் தம்பிக்கு ஆணம் விட்டாள்.